அல்சேஷனுக்கு ஒரு வேலை இருந்தது



கடந்த வாரம் எங்கள் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் எடுத்துக்கொண்ட தலைப்பு 'எனக்குப் பிடித்த நாய் இனம்'. கல்வி, வேலைவாய்ப்பு, விலைவாசி என்று வாராவாரம் கனமான தலைப்புகளைப் பேசி வந்த எங்களுக்கு இது கொஞ்சம் இளைப்பாறும் வாரமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அரங்கில் இருந்தவர்கள் அப்படி விடவில்லை.

ஈப்போவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மா, "லாப்ரடோர்தான் தம்பி, பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும்" என்றார். கிள்ளானைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தாத்தாவின் ஊரை நினைத்து ராஜபாளையம் என்றார். கல்லூரி மாணவி ஒருவருக்கு டால்மேஷனின் கறுப்புப் புள்ளிகள் பிடித்திருந்தன. கடைசி வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "எத்தனை ஜாதி நாய் வந்தாலும் அல்சேஷனுக்கு ஈடாகுமா?" என்று கேட்டபோது அரங்கமே கைதட்டியது.

நெறியாளராக நான் எந்தப் பக்கமும் சாயக்கூடாது. ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன பெயர் என்னை விடவில்லை. நிகழ்ச்சியின் முடிவில் அதைப் பற்றிச் சில நிமிடங்கள் பேசினேன். நேரம் போதவில்லை. அன்று சொன்னதையும் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஒரே நாய், இரண்டு பெயர்

அல்சேஷன் வேறு, ஜெர்மன் ஷெப்பர்ட் வேறு என்று நினைப்பவர்கள் நம்மிடையே இன்னமும் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான். இரண்டு பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு போர்.

முதலாம் உலகப் போரில் பிரிட்டன் ஜெர்மனியோடு மோதியபோது, ஜெர்மன் என்ற சொல்லே அங்கே வெறுப்புக்குரியதாகிவிட்டது. அரச குடும்பமே 1917ஆம் ஆண்டு தன் ஜெர்மானியக் குடும்பப் பெயரை விட்டுவிட்டு 'வின்ட்சர்' என்று மாற்றிக்கொண்டது. அரசருக்கே அந்தக் கதி என்றால் நாய்க்குச் சொல்லவா வேண்டும்? போர் முடிந்து இந்த நாயை முறைப்படி பதிவு செய்தபோது, பிரிட்டிஷ் கென்னல் கிளப் ஜெர்மன் என்ற சொல்லைத் தவிர்த்து, பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையில் உள்ள அல்சேஸ் வட்டாரத்தின் பெயரைச் சூட்டியது. அதுதான் 'அல்சேஷன்'. 1977ஆம் ஆண்டில்தான் ஜெர்மன் ஷெப்பர்ட் என்ற பெயர் பிரிட்டனில் மீண்டும் ஏற்கப்பட்டது.

வெள்ளைக்காரத் துரைகளோடு தோட்டப்புறங்களுக்கு வந்தது அந்தப் பெயர்தான். என் அப்பா சிறுவனாக இருந்தபோது துரை பங்களாவின் வேலிக்கு உள்ளே நின்ற நாயை 'அல்சேஷன்' என்று சொல்லித்தான் கேட்டிருக்கிறார். லயன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது எட்டாத ஒரு வாழ்க்கையின் அடையாளம். பிற்காலத்தில் தாமானில் வரிசை வீடு வாங்கியதும் அப்பா செய்த முதல் காரியங்களில் ஒன்று, ஓர் அல்சேஷன் குட்டியை வாங்கியது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

வேலியாக நடந்த நாய்

இந்த இனத்துக்குப் பிறந்த தேதியே உண்டு என்று சொல்லலாம். 1899 ஏப்ரல் 3. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் நடந்த நாய்க் கண்காட்சிக்கு மாக்ஸ் ஃபொன் ஸ்டெஃபனிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி போயிருந்தார். அங்கே ஓநாய் போன்ற தோற்றமுள்ள ஒரு மேய்ப்பு நாயைக் கண்டார். அலங்காரத்துக்காக வளர்க்கப்பட்ட நாயல்ல அது. ஆடு மேய்க்கும் வேலை அதன் இரத்தத்தில் இருந்தது. அங்கேயே அதை வாங்கி, ஹோரண்ட் ஃபொன் கிராஃப்ராத் என்று புதுப் பெயர் வைத்தார். அதே மாதம் 22ஆம் தேதி ஜெர்மன் மேய்ப்பு நாய்ச் சங்கம் உருவானது. அதன் வம்சப் பதிவேட்டில் முதல் எண் ஹோரண்டுக்குத்தான்.

அது வரைக்கும் மேய்ப்பு நாய் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டது. ஓரிடத்தில் காது நிமிர்ந்திருக்கும், இன்னோரிடத்தில் மடிந்திருக்கும். இடையனுக்கு நாயின் அழகு பொருட்டல்ல, வேலை நடக்க வேண்டும். ஸ்டெஃபனிட்ஸும் அதையே கொள்கையாக்கினார். முதலில் பயன், அடுத்தது அறிவு. இவை இரண்டும் இல்லாத அழகு அவருக்கு அழகே இல்லை.

அப்படி என்ன வேலை அது? 'ஆடு மேய்த்தல்' என்று சொன்னால் நமக்குத் தோன்றுவது ஆட்டை விரட்டுவதும் மடக்குவதும்தான். ஜெர்மனியின் பல பகுதிகளில் நிலைமை வேறாக இருந்தது. அங்கே வயல்கள் வேலியில்லாத நீண்ட துண்டுகளாகக் கிடந்தன. ஒரு துண்டில் ஆடு மேயலாம். ஒட்டியிருக்கும் அடுத்த துண்டில் இன்னொருவரின் பயிர் நிற்கும். ஆடு அந்தப் பக்கம் வாய் வைத்தால் இடையன் பதில் சொல்ல வேண்டும். ஆகவே நாயின் வேலை, இரண்டுக்கும் நடுவிலுள்ள உழவுச்சாலை ஒட்டி மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருப்பது. காலையிலிருந்து மாலை வரை, ஓடாமல் நடக்காமல், இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சீரான வேகத்தில். சுருக்கமாகச் சொன்னால் அந்த நாய்தான் வேலி.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்த நாயிடம் நாம் விரும்பும் குணங்களைப் பாருங்கள். களைக்காத நடை, வேலிக்கு வேண்டியது. எல்லையை யாரும் தாண்டவிடாத பிடிவாதம், வேலிக்கு வேண்டியது. இடையன் தூரத்தில் இருக்கும்போது தானே முடிவெடுக்கும் அறிவு, பயிரைக் காக்க வேண்டியது. ஆட்டைக் காயப்படுத்தாமல் கவ்வித் திருப்பும் கட்டுப்பாடும், எந்நேரமும் எஜமானின் முகத்தைப் பார்க்கும் பழக்கமும் அந்த வயலில் வந்தவையே. 'நன்றியுள்ள பிராணி' என்று ஒரே சொல்லில் நாம் முடித்துவிடுவதற்குப் பின்னால் பல தலைமுறைத் தொழில் இருக்கிறது.

அரங்கில் பேசப்பட்ட மற்ற இனங்களுக்கும் இதே கதைதான். லாப்ரடோர் பிள்ளைகள் நீட்டும் பொருளை மென்மையாகக் கவ்வுகிறது என்றால், அதன் மூதாதையர் நியூஃபவுண்ட்லேண்ட் மீனவர்களுக்கு வலையும் மீனும் இழுத்தன, பின்னர் வேட்டைக்காரர்களுக்குச் சுட்ட பறவையைச் சிதைக்காமல் கொண்டுவந்து கொடுத்தன. டால்மேஷன் குதிரை வண்டியோடு மைல் கணக்கில் ஓடிய நாய். ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போனது. 2005ஆம் ஆண்டு இந்தியா வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் அதற்கும் ஓர் இடம் கிடைத்தது.

வயலிலிருந்து போர்க்களத்துக்கு

ஸ்டெஃபனிட்ஸ் சங்கம் தொடங்கிய காலத்திலேயே ஜெர்மனியில் தொழிற்சாலைகள் பெருகின, மேய்ச்சல் சுருங்கியது. வேலை போன தொழிலாளிக்கு மாற்று வேலை தேடுவதுபோல, அவர் தம் நாய்களைக் காவல் துறைக்கு அறிமுகப்படுத்தினார். எல்லை காக்கும் குணம் காவலுக்குப் பொருந்தியது. 1914இல் போர் மூண்டதும் அவை செய்தி சுமந்தன, காயம்பட்டவர்களைத் தேடின.

அந்தப் போர்தான் இந்த நாய்க்கு அதன் மிகச் சிறந்த வேலையையும் கொடுத்தது. நச்சுவாயுவாலும் குண்டுகளாலும் கண்ணிழந்த படைவீரர்கள் ஜெர்மனிக்குக் கூட்டங் கூட்டமாகத் திரும்பினார்கள். 1916ஆம் ஆண்டு ஓல்டன்பர்க் நகரில் டாக்டர் கெர்ஹார்ட் ஸ்டாலிங் அவர்களுக்காக வழிகாட்டி நாய்ப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

ஜெர்மனியின் இந்த முயற்சியை உலகுக்குச் சொன்னவர், சுவிட்சர்லாந்தில் மேய்ப்பு நாய்களை வளர்த்துவந்த டோரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1927இல் அவர் ஒரு வார இதழில் எழுதிய கட்டுரையை, நேஷ்வில் நகரில் இருந்த மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்ற இளைஞருக்கு அவர் தந்தை வாசித்துக் காட்டினார். இளைஞர் கப்பலேறி சுவிட்சர்லாந்துக்குப் போனார். 1928இல் 'பட்டி' என்ற பெண் நாயோடு நியூயார்க்கில் வந்து இறங்கி, பத்திரிகையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாகனங்கள் பறக்கும் சாலையைக் கடந்தார். அடுத்த ஆண்டே அமெரிக்காவில் வழிகாட்டி நாய்ப் பள்ளி உருவானது. பிரிட்டனில் 1931இல் பயிற்சி முடித்த முதல் நான்கு வழிகாட்டி நாய்களும் இதே இனம்தான்.

வழிகாட்டி நாய்க்குக் கற்பிக்கும் மிகக் கடினமான பாடம் எது தெரியுமா? கட்டளையை மீறுவது. எஜமானர் "போ" என்கிறார். எதிரே லாரி வருகிறது. நாய் அசையக்கூடாது. இடையன் இல்லாத நேரத்தில் தானே முடிவெடுத்த அந்தப் பழைய வயல் நாயின் அறிவுதான் இங்கே ஒரு மனித உயிரைக் காக்கிறது.

வரலாற்றின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே நாய், அதே பணிவு, நாஜிகளின் கையில் சிக்கியது. வதைமுகாம்களின் கம்பி வேலி ஓரத்தில் கைதிகளைக் காவல் காக்க நாய்கள் நிறுத்தப்பட்டன. ஆடுகளின் எல்லையைக் காத்தவை மனிதர்களின் எல்லையைக் காத்தன. முகாம்களிலிருந்து உயிர் பிழைத்தவர்கள் பலருக்கு அந்த நாயின் குரைப்பே காலமெல்லாம் கெட்ட கனவாக நின்றது. ஸ்டெஃபனிட்ஸே அந்த ஆட்சியில், 1935ஆம் ஆண்டு, தாம் உருவாக்கிய சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 22, சங்கம் பிறந்த அதே தேதியில், அவர் காலமானார்.

நாய்க்கு நல்லது கெட்டது தெரியாது. அதன் குணம் ஒரு கருவி. யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

எங்கள் தொழிலின் பங்கு

டிப்ளோமா படிக்கும்போது ஊடகத்தின் தாக்கம் பற்றி ஒரு பாடம் இருந்தது. தேர்வுக்குப் படித்தேன், மறந்துவிட்டேன். இந்தக் கருத்தரங்குக்காகத் தகவல் திரட்டியபோது அது மீண்டும் எதிரே வந்து நின்றது.

1918 செப்டம்பரில், பிரான்சில் குண்டு விழுந்த ஒரு நாய்க்கூடத்தில், லீ டங்கன் என்ற அமெரிக்கப் படைவீரர் ஒரு தாய் நாயையும் அதன் குட்டிகளையும் கண்டெடுத்தார். தமக்கென வைத்துக்கொண்ட இரண்டு குட்டிகளில் ஒன்றுதான் பின்னாளில் 'ரின் டின் டின்'. 1923 முதல் அது வார்னர் பிரதர்ஸ் படங்களின் நட்சத்திரம். மக்கள் கூட்டங் கூட்டமாகப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். 1920களில் அமெரிக்காவில் இந்த இனத்துக்கு ஏற்பட்ட மவுசுக்குத் திரைப்படம் ஒரு முக்கியக் காரணம்.

2014இல் வெளியான ஓர் ஆய்வு, நாய்கள் நடித்த 87 திரைப்படங்களை எடுத்துக்கொண்டு பார்த்தது. படம் வந்தபின் அந்த இனத்தின் மீதான மோகம் பத்தாண்டு வரைகூட நீடிக்கலாம் என்று கண்டறிந்தது. அதே ஆய்வாளர்களில் சிலர் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதைவிட வேதனையானது. மக்கள் அதிகம் விரும்பும் இனங்கள் நல்ல குணத்துக்காகவோ உடல்நலத்துக்காகவோ விரும்பப்படவில்லை. சொல்லப்போனால், அதிகம் விரும்பப்பட்ட இனங்களில் பரம்பரை நோய்களும் அதிகம்.

திரையில் டால்மேஷன் குட்டிகள் ஓடிய ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளில் என்ன நடந்தது என்று அந்த மாணவியிடம் நிகழ்ச்சி முடிந்ததும் சொன்னேன். குட்டியாக வாங்கினார்கள். அது வளர்ந்தது. குதிரை வண்டியோடு ஓடப் பிறந்த நாய் வரவேற்பறையில் ஓடியது. "அடங்காத நாய்" என்று பலர் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அந்தப் பிள்ளை சற்று நேரம் பேசவில்லை.

சரிந்த முதுகு

அழகு என்ற பெயரில் அல்சேஷனின் உடலுக்கே ஒரு கேடு வந்தது. கண்காட்சி மேடையில் பின்புறம் தாழ்ந்து, முதுகு சரிந்து நிற்கும் தோற்றம் கம்பீரமாகத் தெரிந்தது. நடுவர்கள் பரிசு கொடுத்தார்கள். வளர்ப்பவர்கள் அதையே பெருக்கினார்கள். 2016ஆம் ஆண்டு பிரிட்டனின் புகழ்பெற்ற க்ரஃப்ட்ஸ் கண்காட்சியில் இந்த இனத்தில் முதலிடம் பெற்ற நாயின் சரிந்த முதுகையும் தடுமாறும் நடையையும் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கொதித்துப்போனார்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பரவலாகக் காணப்படும் நோய்.

நாள் முழுக்க நடப்பதற்காகவே உருவான நாய், நடக்க முடியாமல் நிற்கிறது. தன் வேலையை இழந்த நாய்க்கு இதைவிடப் பெரிய அவமானம் வேறென்ன?

எங்கள் வீட்டு டைகர்

இப்போது அப்பா வாங்கிய குட்டியின் கதை.

நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது வந்தது. டைகர் என்று பெயர் வைத்தோம். ஓர் ஆண்டில் என் இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. தெருவில் யார் நடந்தாலும் வாசல் கேட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். யாரும் இல்லாவிட்டாலும் ஓடும். சிமெண்டுத் தரையில் அது நடந்த தடம் கோடாகவே விழுந்திருந்தது. சிலிப்பரைக் கடித்துக் குதறும். நான் சைக்கிளை வெளியே தள்ளினால் என் சட்டையை லேசாகக் கவ்வி உள்ளே இழுக்கும். அம்மா பயந்துவிட்டார். "பிள்ளையைக் கடிக்க வருது" என்றார். அக்கம்பக்கத்து வீட்டாரும் குரைப்பு தாங்க முடியவில்லை என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது.

அப்பா கண்ட வழி சங்கிலி. கட்டிப்போட்டதும் குரைப்பு இரட்டிப்பானது. "இது பைத்தியம் பிடித்த நாய்" என்று முடிவு செய்தோம். கடைசியில் லாரிப் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் காவலுக்குக் கொடுத்தோம். ஒரு முறை போய்ப் பார்த்தேன். அங்கேயும் சங்கிலிதான், இன்னும் குட்டையான சங்கிலி. என்னைக் கண்டதும் எழுந்து, அந்தச் சங்கிலி விட்ட நான்கடி தூரத்துக்குள் மேலும் கீழுமாக நடந்தது. அதன் பிறகு நான் போகவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, ஒரு கருத்தரங்குக்காக ஜெர்மானிய வயல்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. டைகருக்குப் பைத்தியம் இல்லை. அது தன் முப்பாட்டனின் வேலையைச் செய்துகொண்டிருந்தது. எங்கள் கேட்டு அதற்கு வயலின் வரப்பு. என் சட்டையைக் கவ்வியது கடிப்பதற்காக அல்ல, எல்லை தாண்டிப்போகும் ஆட்டுக்குட்டியைத் திருப்பிக் கொண்டுவருவதற்காக. எந்தக் குணத்துக்காக அல்சேஷனை ஆசைப்பட்டு வாங்கினோமோ, அதே குணத்தைக் குற்றமாக்கித் துரத்திவிட்டோம்.

நாளுக்கு இரண்டு முறை நீண்ட நடையும், பிள்ளைகள் ஒளித்துவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டுவரும் விளையாட்டும் கொடுத்திருந்தால் அதன் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். அப்பாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நமக்கு அப்போ யாருப்பா சொன்னா?" என்றார்.

ஆகவே வாசகர்களே, நான் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளை ஒரு படத்தையோ காணொளியையோ காட்டி, "அப்பா, இந்த நாய் வேண்டும்" என்று கேட்டால், விலையைக் கேட்பதற்கு முன் அந்த நாய் என்ன வேலைக்காகப் பிறந்தது என்று கேளுங்கள். ஓட வேண்டிய நாயா, தோண்ட வேண்டிய நாயா, காக்க வேண்டிய நாயா? அந்த வேலைக்கு ஈடாக ஏதாவது ஒன்றை உங்கள் வீட்டில், உங்கள் நேரத்தில் கொடுக்க முடியுமா? முடியும் என்றால் தாராளமாக வாங்குங்கள், பிள்ளைகளோடு அது வளரட்டும். முடியாது என்றால், அந்த நாய் பிடித்திருக்கிறது என்பதற்காகவே அதை வாங்காமல் இருங்கள்.

நிகழ்ச்சி முடிந்து விளக்குகளை அணைக்கும்போது அந்தப் பெரியவர் என்னிடம் வந்து, "உனக்குப் பிடித்த நாய் எது தம்பி, சொல்லவே இல்லையே?" என்று கேட்டார்.

"அல்சேஷன்தான் ஐயா" என்றேன். "ஆனால் எங்கள் வீட்டில் வளர்க்க மாட்டேன்."